முத்திரையை உடைத்த மாதப்பன்

கௌதள்ளியிலிருந்து மாதப்பன் சாரின் மகள் காலையில் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அப்பா போயிட்டாருங்க" என்றாள். உடனே பஸ் ஏறினேன். மைசூரில் ஒரு காவல் அலுவலகத்தின் வயர்லெஸ் பிரிவில் உதவி சப் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அதே அலுவலகத்தின் ஸ்டோரில் நான் எழுத்தர். எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டதே ஒரு சண்டையில்தான்.

அரசு மானியம் எப்போதும் மார்ச் மாதக் கடைசியில்தான் வரும். அதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். ஆகவே அலறியடித்துக்கொண்டு வாங்குவோம். அப்படி ஒரு வருடம் புது வாக்கி டாக்கிகள் வந்து இறங்கின. உயர் அதிகாரி பார்வையிட்டு முத்திரை பிரிக்கும் வரை பெட்டியைத் தொடக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அவரோ இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று இழுத்தடித்தார். இதற்கிடையே பயிற்சிக்கான மானியமும் வந்துவிட்டது. அதையும் செலவழித்தாக வேண்டுமே! கருவி இல்லாமலே பயிற்சி நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது.

மாதப்பன் சார் நடத்தினார். காவலர்கள் டிபன் பாக்ஸைக் காதருகே பிடித்துக்கொண்டு மைதானத்தில் "ஓவர், ஓவர்" என்று கத்தினார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிங்க சார், நல்லாச் சிரிங்க. காட்டுக்குள்ள போறவனுக்கு இந்த டப்பாவா பதில் சொல்லும்?" என்றார்.

அவர் சொன்னது மாதேஸ்வரன் மலைப்பக்கத்துக் காட்டை. அவர் பிறந்து வளர்ந்த பக்கம். அங்கே ஒரு சோதனைச்சாவடியில் இருந்தது ஒரே ஒரு பழைய செட். மழை பெய்தால் அது ஊமையாகிவிடும். ரோந்து போகிறவர்கள் கையில் எதுவும் கிடையாது. புதியவையோ எங்கள் ஸ்டோரில் சார்ஜ் ஏறாமல் பேட்டரி கெட்டுக்கொண்டிருந்தன. பேட்டரி வாங்க மானியத்தில் இடமில்லை. புது செட் வாங்கத்தான் இடம் உண்டு. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு அலுப்பாக வருகிறது.

ஒரு நாள் மத்தியானம் அவர் நேராக ஸ்டோருக்கு வந்தார். எங்கள் மேலாளர் பதறிப்போய், "சும்னிரு மாதப்பா, சும்மா இரு, சீல் ஒடச்சா உன் தலைமேலதான் விழும்" என்று கையைப் பிடித்தார்.

"விழட்டுங்க சார். தல கெட்டியாத்தான் இருக்குது" என்றபடியே அரக்கு முத்திரையை உடைத்தார்.

பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றி, ஹனூர் பஸ்ஸில் அவரே கொண்டுபோனார். அந்தச் சாவடியிலேயே தங்கிக் காவலர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பாறைமேல் நின்றால் பேச்சு எட்டும் என்று அவர்களோடு நடந்தே பார்த்து வைத்தார்.

அடுத்த மழைக்காலத்தில் சித்துராஜு என்ற காவலரைக் காட்டில் கரடி தாக்கியது. தொடை கிழிந்து இரத்தம் நிற்கவில்லை. கூடப் போனவர் பாறைமேல் ஏறி அழைத்தார், ஜீப் வந்தது. காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று முதலில் பயந்த டாக்டர்கள், எடுக்காமலே பிழைக்க வைத்தார்கள். நடை மட்டும் சற்றுச் சாய்ந்துவிட்டது.

இருந்தும் மாதப்பன் சாருக்கு மெமோ வந்தது. அனுமதியின்றி முத்திரையை உடைத்தது குற்றமாம். விசாரணையில் ஏன் உடைத்தீர் என்று கேட்டார்கள். "பேட்டரி செத்தா வேற வாங்கிக்கலாமுங்க. ஆளு செத்தா எந்த மானியத்துல வாங்குவீங்க?" என்றார். ஆனால் பதவி உயர்வு போயிற்று.

அதில் அவருக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய். "பொண்ணு கல்யாணப் பத்திரிகையில எஸ்.ஐ.ன்னு போட்டுக்க ஆசப்பட்டேன்" என்று ஓய்வு பெற்ற அன்று என்னிடம் சொன்னார்.

இறுதிச் சடங்குக்குத் துறையிலிருந்து என்னைத் தவிர யாரும் வரவில்லை. மலையில் திருவிழா பந்தோபஸ்து, யாருக்கும் லீவு கிடையாது என்றார்கள். ஆனால் பாடையைத் தூக்கும் நேரத்தில் சித்துராஜு வந்து முன்னால் தோள் கொடுத்தார். கால் முடியாதே, விட்டுவிடு என்று உறவினர்கள் சொன்னதை அவர் கேட்கவில்லை. லீவு எப்படிக் கிடைத்தது என்று நான் மெல்லக் கேட்டேன்.

"உடம்பு செரியில்லீன்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேனுங்க. பொய்யின்னு நெனைக்காதீங்க சார், நெசமாவே செரியில்லீங்க."

குழி வரைக்கும் தோளை மாற்றாமல், சாய்ந்து சாய்ந்து நடந்தார்.

மாதப்பன் சார், உங்களைக் கடைசியாகச் சுமந்தது நீங்கள் காப்பாற்றிய கால்தான். போய் வாருங்கள்.