எண் அழிந்த பன்னிரண்டு கண்ணாடிக் கிளைகள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் கடைசியாகச் செய்த வேலை உங்களில் பலருக்குத் தெரியாது. நான் அதைக் கெடுத்ததும் தெரியாது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

அண்ணன் கோபிசெட்டிபாளையத்தில் பிறந்தார். அப்பா தவறியபோது அவருக்குப் பதினேழு வயது. என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். இயந்திரவியல் படித்து நியூஜெர்சி வந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிரீன் கார்டு கிடைத்த ஆண்டிலேயே வேலை போயிற்று. பழைய விளக்குகளைச் செப்பனிடும் கடையொன்றில் ‘கொஞ்ச நாளைக்கு’ என்று சேர்ந்தவர், கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார். திருமணம் செய்துகொள்ளவில்லை. நியூஜெர்சியிலேயே பிஸ்கட்டவேயில் தனியாக ஒரு வீடு. பேஸ்மென்ட் முழுக்க இத்தாலியக் கண்ணாடி.

தொலைவில் நான் வாழும் சுகர் லேண்டிலிருந்து ஞாயிறுதோறும் போன் செய்வேன்.

“அண்ணா, நெஞ்சு வலின்னீங்களே, டாக்டர்கிட்ட போனீங்களா?”

“நீ கவலைப்படறதுக்குன்னே பொறந்தவ, கண்ணு. முதல்ல இதைக் கேளு. முரானோ தீவுல வாயால ஊதிச் செஞ்ச சரவிளக்கு ஒண்ணு வந்திருக்குது. அந்தக் கண்ணாடி சீக்கிரம் இறுகாது. இளகி இருக்கறப்பவே இடுக்கியில இழுத்து இழுத்துப் பூவிதழ் பண்ணிருக்காங்க. பன்னெண்டு கிளையும் பன்னெண்டு தினுசு. சட்டத்துல ஒண்ணோட குழியில இன்னொண்ணு சரியா உக்காராது.”

“டாக்டர்?”

“இதை மாட்டிட்டுப் போறேன்.”

மாட்டவில்லை. வேலைக்கு வரவில்லையே என்று கடை நண்பர் வின்ஸ் வந்து கதவைத் தட்டியபோது, அண்ணன் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த இரண்டு நாளை இன்னும் என்னால் நினைக்க முடியவில்லை.

கருமாதிக்கு முன் வீட்டைக் கழுவுவது நம் வழக்கம். என் மகளோடு சேர்ந்து கழுவினேன். மேசைமேல் தூசியோடு கிடந்த கண்ணாடிக் கிளைகளையும் சோப்பு நீரில் தேய்த்து அடுக்கினேன். மறுநாள் வின்ஸ் வந்தார். கிளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி அடியைப் பார்த்தார். ஒவ்வொரு கிளையின் அடியிலும் அது சேர வேண்டிய குழியின் எண்ணை அண்ணன் மெழுகுப் பென்சிலால் எழுதியிருந்தாராம். அவர் கடைசியாக எழுதியவை அவைதான்; நான் தேய்த்ததில் ஒன்றும் மிஞ்சவில்லை.

விளக்கு ஒரு தேவாலய மண்டபத்துக்கு உரியது. முடித்துத் தருவதாக அண்ணன் கொடுத்த வாக்கு என்னால் பொய்த்துவிடக் கூடாது என்று நானும் வேலையில் இறங்கினேன். ஊர் திரும்பப் பத்து நாள் இருந்தது. வின்ஸ் பித்தளைச் சட்டத்தைத் தொங்கவிட, ஒவ்வொரு கிளையாக வைத்துப் பார்த்தோம்.

“அம்மா, டோன்ட் ஃபோர்ஸ் இட்!” என்றாள் மகள்.

“மெதுவாத்தான்டீ வைக்கறேன்.”



பதினோரு கிளைகள் ஆடாமல் நின்றன. பன்னிரண்டாவது ஆடியது. ஆடாமல் நின்றவற்றில் ஒன்று இதன் குழியில் எப்படியோ பொருந்தி உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் கலைத்துப் பார்க்க நாளில்லை. வின்ஸ் அந்தக் குழியில் பிளாஸ்டர் சாந்து வைத்து இறுக்கினார்.

அவருக்கும், அந்தப் பத்து நாளும் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பிஸ்கட்டவே குடும்பங்களுக்கும், அண்ணனை வழியனுப்ப வந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

சென்ற மாதம் அந்த மண்டபத்துக்குப் போனேன். விளக்கு எரிகிறது. வாசல் பக்கத்துக் கிளை மட்டும் சற்றுச் சாய்ந்திருக்கிறது. அங்கே யாருக்கும் அது தெரியவில்லை. அண்ணா, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மன்னித்துவிடுங்கள்.