நூல் இல்லாத மெஷினும் நான் போட்ட கமெண்டும்

அண்ணா, அந்தப் படத்துக்குக் கீழே உங்களைப் படிக்காதவன் என்று எழுதிய ஆள் வேறு யாரும் இல்லை. நான்தானுங்ணா.

இதை அண்ணன் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும். அவர் போய் ஏழு மாதம் ஆகிறது. அவரிடம் சொல்ல வழியில்லாததால் இதைப் படிக்கிற உங்களிடம் சொல்கிறேன். நான் ஒன்பதாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் காரமடையில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தார். எட்டாவது முடித்ததும் மெஷினில் உட்கார்ந்தவர். அவருக்கு ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் என்றால் உயிர். உளவாளிக் கதைதான், ஆனால் முழுக்கச் சிரிப்பு. ஒரு அப்பாவித் தையல்காரனை சிஐடி என்று தப்பாக நினைத்து ஒரு கூட்டம் துரத்தும். அவன் அளவு நோட்டில் 'இடுப்பு முப்பத்திரண்டு, கை ஒன்பது' என்று எழுதியிருப்பான். வில்லன் ஆட்கள் அதை ரகசியச் செய்தி என்று நினைத்து, மேப்பை விரித்து வைத்துக்கொண்டு முப்பத்திரண்டாவது மைல் எங்கே என்று தேடுவார்கள். அந்த இடம் வந்தால் அண்ணன் சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார்.

போனில் அந்தப் படத்துக்குக் கீழே நிறையப் பேர் கமெண்ட் போட்டிருந்தார்கள். டூரிங் டாக்கீஸில் மண்ணில் உட்கார்ந்து பார்த்த கதையை ஒரு பெரியவர் எழுதியிருந்தார். வில்லனுக்கு வைத்த ஒட்டு மீசை ஒரு சீனில் இடது பக்கம் தொங்குகிறது என்று ஒருவர் நிமிடம், நொடியோடு குறித்திருந்தார். இரண்டாவது பாதி இழுவை என்று ஒருவர். அவரைப் பத்துப் பேர் திட்டியிருந்தார்கள். அண்ணன் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படிப்பார். ஒருநாள் அவரும் எழுதினார். எழுதி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க ஆனது.

'எல்லாரும் கவனிங்க. ஹீரோ தைக்கிற மெஷின்ல நூலே இல்லைங்க. நான் டெய்லருங்க. நூல் கோக்காம மெதிக்கறவன் டெய்லர் கெடையாதுங்க. அப்ப அவன் மொதல்லருந்தே நெசமான சிஐடிங்க. அப்பாவியாட்ட நடிச்சு எல்லாரையும் ஏமாத்திப்போட்டான்ங்க.'

நானும் பார்த்தேன். உண்மைதான். மெஷின் ஓடுகிறது, துணி நகர்கிறது, நூல் மட்டும் இல்லை. படம் எடுத்தவர்கள் கோக்க மறந்திருப்பார்கள், அவ்வளவுதான் என்று சிலர் பதில் போட்டார்கள். 'அண்ணே, இத்தனை வருசமா இந்தப் படத்தத் தப்பாவே பாத்துட்டேன்' என்று ஒருவர் எழுதினார். அண்ணன் அதைக் கடையில் எல்லோருக்கும் காட்டினார். அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். எனக்கு நான்கு தடவை.

அந்த வாரம்தான் நான் முதல்முதலாக ஒரு பிளவுஸ் தைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்தார். கையில் வாங்கி, உள்பக்கம் திருப்பிப் பார்த்து, பிளேடை எடுத்து இரண்டு கையையும் பிரித்துவிட்டார்.

"ஏனுங்ணா, எதுக்குப் பிரிக்கறீங்க?"

"கை முன்பின்னா ஏறிப்போச்சு அம்மணி. இதப் போட்டுட்டு நீ சர்ச்சுக்குப் போனா என்ற பேரு என்னாகறது?"

"உங்க பேருக்கு ஒண்ணும் ஆகாது. நான் தச்சதுன்னு சொல்லிக்கறேன்."

"அது சொன்னாத்தான் தெரியுமாக்கும்? பாத்தாலே தெரியுது."

அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அண்ணன் சாயங்காலம் அதே பிளவுஸைச் சரியாகத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கவில்லை.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு, போனில் வேறு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கினேன். கணக்கில் முகம் வைக்கிற இடத்தில் ஒரு செம்பருத்திப் பூவை வைத்தேன். அண்ணன் கமெண்டுக்குக் கீழே எழுதினேன்.

'நீங்க பெரிய டெய்லருங்களா? மொதல்ல உங்க மெஷின்ல நூல் இருக்குதுங்களான்னு பாருங்க. வேற வேலை இல்லீங்களா?'

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் பதில் போட்டிருந்தார். 'வணக்கமுங்க. நீங்க நம்ம பக்கமுங்களா? திட்டறப்பவும் ங்க போட்டுத்தான் திட்டறீங்க. காரமடை வந்தா ஊட்டுக்கு வாங்க, நூல் கோத்துக் காட்டறேன்.'

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோபம் வேறு கூடியது. திட்டினால் இந்த மனுசனுக்கு வலிக்கவே வலிக்காதா என்று இருந்தது. மறுபடி எழுதினேன். எழுதி முடித்து, ஒவ்வொரு 'ங்க'-வாகத் தேடி அழித்தேன். அண்ணனை நான் மரியாதை இல்லாமல் பேசினதே கிடையாது. சண்டையில்கூட. அன்றைக்கு விரலால் ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசியில் நின்றது இதுதான்: 'உன் எழுத்தப் பாத்தாலே படிக்காதவன்னு தெரியுது. உனக்கெல்லாம் சினிமா எதுக்கு.'

அதற்கு அவர் பதில் போடவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கை கால் கழுவிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏம்மணி, எழுத்தப் பாத்தாத் தெரிஞ்சுபோகுமா?"

"என்னதுங்ணா?"

"படிக்காதவன்னு."

"எனக்கு என்னங்ணா தெரியும்? நானே ஒம்பதாவது."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு அவர் எந்தப் படத்துக்கும் எதுவும் எழுதவில்லை. படிப்பார். கட்டை விரலால் தள்ளித் தள்ளிப் படித்துவிட்டு வைத்துவிடுவார். ஒருநாள் பார்த்தேன், கடையில் எழுதுகிற அளவுச் சீட்டில் 'தோள்பட்டை' என்று எழுதிவிட்டு, சரியா என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும்.

அன்றே சொல்லியிருக்கலாம். இரண்டு அடி கொடுத்திருப்பார், அதோடு முடிந்திருக்கும். நாளைக்கு, நாளைக்கு என்று ஒன்றரை வருசம் ஓட்டிவிட்டேன்.

அப்புறம் அவருக்கு மஞ்சள்காமாலை வந்தது. பச்சிலை வாங்கிக் குடித்துப் பார்த்து, முடியாமல் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பகலில் நான்தான் கூட இருப்பேன். ஒருநாள் அந்தப் படத்தைப் போடச் சொன்னார். போனை அவர் நெஞ்சின்மேல் தலையணை வைத்துச் சாய்த்து வைத்தேன். பக்கத்துக் கட்டில்காரரும் எட்டி எட்டிப் பார்த்தார்.

மெஷின் சீன் வந்ததும் அண்ணன் அவரிடம், "நூலு தெரியுதுங்களா பாருங்க" என்றார்.

"கண்ணாடி கொண்டாரலீங்க" என்றார் அவர்.

அண்ணன் சிரித்தார். சிரித்தால் வயிறு வலிக்கும், பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"அந்தச் செம்பருத்திப் பூக்காரரு மறுக்கா வரவே இல்ல பாத்தியா கண்ணு?"

அவருக்குத் தெரிந்து கேட்டாரா, தெரியாமல் கேட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வாய் வரைக்கும் வந்தது. நர்ஸ் இருந்தார், பக்கத்துக் கட்டில்காரர் இருந்தார். அதெல்லாம் இப்போது நான் சொல்லிக்கொள்கிற சாக்கு. "பேசாமப் படுங்ணா" என்றுதான் சொன்னேன். போனை எடுத்து அணைத்தேன். அதற்கு மூன்றாம் நாள் காலையில் அண்ணன் போய்விட்டார். வயசு இருபத்தெட்டு.

வீட்டில் ஜெபம் வைத்தபோது, அவரைப் பற்றி யாராவது நாலு வார்த்தை பேசுங்கள் என்றார் பாஸ்டர். கடைக்காரர் பேசினார், மாமா பேசினார். என்னைக் கைகாட்டியபோது அழுதேன். பாசத்தில் அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பயத்தில் அழுதேன்.

போன வாரம் அந்தப் படத்தைத் திறந்தேன். நான் எழுதியதை அழித்துவிடத்தான் போனேன். அழித்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அழித்துவிட்டால், அண்ணன் தாமாகவே எழுதுவதை விட்டுவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அதனால் அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே எழுதினேன்: 'மேலே எழுதியது இவருடைய தங்கச்சி. கோபத்தில் எழுதினேன். அண்ணன் இப்போது இல்லை. அவர் சொன்னதுதான் சரி, தயவுசெய்து அந்த சீனை இன்னொரு தடவை பாருங்கள்.'

'படத்தப் பத்தி மட்டும் பேசுங்க, சொந்தக் கதை வேணாம்' என்று ஒருவர் பதில் போட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நான் எழுதியதைவிட அது எவ்வளவோ மேல். இன்னொருவர் அண்ணன் பெயரைக் கேட்டார், ஜெபத்தில் வைக்கிறேன் என்று. பெயரை எழுதப் போய் கை நின்றுவிட்டது. இங்கேயும் எழுத முடியவில்லை.

பெயர் இல்லாவிட்டாலும் ஆண்டவருக்கு ஆள் தெரியும். படிக்கிற எல்லோரும், உங்களுக்கு எந்தச் சாமியோ அந்தச் சாமியிடம், அந்த டெய்லர் அண்ணனுக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். அவர் மனசில் அந்த வார்த்தை இருந்தால் அது ஆறிப்போக வேண்டும் என்று கேளுங்கள். எனக்காக வேண்டாம், அவருக்காக மட்டும் கேளுங்கள்.