பதினான்காம் ஸ்லைடு

பஞ்சு விற்க வரும் பார்ட்டி கையில் கொண்டுவரும் மாதிரிப் பஞ்சை விஜயகுமாரி அக்கா தொடவே மாட்டார். லாரிமேல் ஏறி, பேல் பொதிக்குள் கையை விட்டு அவரே உருவி எடுப்பார். அவர்கள் வாங்கித் தரும் டீயையும் குடிக்க மாட்டார். அவிநாசியில் எங்கள் பஞ்சுப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடம் பக்கத்து மேசையில் இருந்த என்னையே, தன் நோட்டைத் திறந்தேனா என்று வாரம் ஒருமுறை விசாரிப்பார்.

ஒரே தளத்தில் அதிரும் தளவிளைவு ஒளியை விட்டு, நுண்ணோக்கியில் பஞ்சு இழையைப் பார்ப்பது அவர் வேலை. அந்த நுண்ணோக்கியில் முற்றிய இழை மஞ்சளாகத் தெரியும், முற்றாதது நீலமாகத் தெரியும். முற்றாத பஞ்சில் சாயம் ஏறாது, பனியன் துணியில் வெள்ளைப் புள்ளி விழும். அக்கா நீலம் என்று எழுதிவிட்டால் அந்தப் பஞ்சை எந்த மில்லும் வாங்காது.

இருபது வருடங்களுக்கு முன் கோவையிலிருந்து இயற்பியல் பேராசிரியர் குருசாமி வந்து, அக்காவின் ஸ்லைடுகள் நாற்பதை வாங்கிப்போய்ப் பெரிய கட்டுரை எழுதினார். அதில் அக்காவின் பெயர் இல்லை. "ஓர் ஆய்வக உதவியாளருக்கு நன்றி" என்று கடைசியில் ஒரு வரி. அதை நினைத்தாலே அவருக்கு வயிறு எரியும்.

போன மாதம் தளவிளைவு ஒளியியல் ஆராய்ச்சிக்காகக் குருசாமிக்கு வாழ்நாள் சாதனையாளர் விருது அறிவித்தார்கள். விழாவுக்கு வாருங்கள், மேடையில் உங்கள் பெயரைச் சொல்கிறேன் என்று அவரே போன் செய்தார்.

"இதுல ஏதோ உள்குத்து இருக்குது கண்ணு" என்றார் அக்கா.

அன்றே பழைய நோட்டைக் கட்டுரையோடு வரி வரியாக ஒப்பிட்டார். பதினான்காம் ஸ்லைடில் பிடி கிடைத்தது. முக்கால்வாசி நீலம் என்று அவர் எழுதியிருந்ததைக் கட்டுரையில் மஞ்சள் என்று போட்டிருந்தது. திருட்டுத்தனம் செய்துதான் விருது வாங்குகிறார் என்று முடிவே கட்டிவிட்டார். உள்ளூரச் சந்தோஷம்கூட.

"விழாக் கமிட்டிக்கு எழுதிப் போடறேன். அதுக்கு மின்ன மொகத்தப் பாத்துக் கேட்டுப்போட்டு வந்தறலாம்" என்று என்னையும் கல்லூரிக்குக் கூட்டிப்போனார்.

குருசாமி மறுத்துப் பேசவில்லை. பத்திரப்படுத்தியிருந்த அந்த ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்தார். நேராக வைத்தால் மஞ்சள். குறுக்கே திருப்பினால் நீலம்.

"அன்னைக்கு நீங்க குறுக்கால வெச்சுப் பாத்திருக்கீங்க. நான் மூணு தடவ பாத்தனுங்க. நல்லா முத்துன பஞ்சு."

அக்கா ஸ்லைடைத் தானே இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். "அப்பவே ஏனுங்க சொல்லல?"

"உங்க வேலைக்குக் கேடு வந்துருமுன்னுதானுங்க. பேரப் போட்டா, கட்டுரையச் சரிபாக்கறவங்க உங்க நோட்டக் கேப்பாங்க."

"என்ற வேலைக்கா, உங்க கட்டுரைக்குங்களா? ஒரு ஸ்லைடு தப்புன்னா நாப்பதையுந்தான கேட்டிருப்பாங்க."

குருசாமி ஸ்லைடை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். மேடையில் தன் பெயரைச் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டு அக்கா எழுந்தார்.

பஸ்ஸில்தான் மிச்சத்தைச் சொன்னார். அந்த ஸ்லைடில் இருந்தது சேவூர் வியாபாரி நல்லானின் பஞ்சு. பேலுக்குள் முற்றாததைப் புதைத்து ஏமாற்றுகிறார் என்று மில் வாசலில் பத்துப் பேர் முன்னால் அக்கா அவரை ஏசியிருக்கிறார். அதற்குப் பிறகு நல்லானிடம் யாரும் பஞ்சு வாங்கவில்லை, வியாபாரத்தையே விட்டுவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அவிநாசியில் இறங்கி, எங்கள் கூடத்தின் தாளில் தன் தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேரே சேவூருக்குப் போனோம். நல்லான் எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். வயது எழுபதைத் தாண்டியிருக்கும்.

"உங்க பஞ்சு நல்ல பஞ்சுங்க. தப்பு என்னோடதுங்க" என்று அக்கா தாளை நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தெருவில் கார் ஏதும் நிற்கிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"சரிங்கம்மா. எதுல கையெழுத்துப் போடோணுமுங்க?"

ஒன்றும் வேண்டாம் என்று அக்கா மூன்று முறை சொன்னார். நல்லான் நம்பவில்லை.