வேலை விவரத்தின் ஒன்பதாவது பத்தி

வேலையில் சேரும்போது கொடுத்த வேலை விவரத்தை நான் படிக்கவில்லை. எங்கள் மென்பொருள் துறையில் யார்தான் படிக்கிறார்கள்? ‘ஃபுல் ஸ்டாக்’, ‘அஜைல்’, ‘மேலாளர் அவ்வப்போது சொல்லும் பிற பணிகள்’ என்று வரிசையாக இருக்கும். முதல் இரண்டும் அலங்காரம், மூன்றாவதுதான் வேலை. பக்கத்துக்கு ஒரு கையெழுத்து போட்டுவிட்டு ஐயப்பன்தாங்கல் பஸ்ஸைப் பிடித்தேன். ஒன்பதாவது பத்திக்கு ‘அறிவுசார் சொத்துரிமை’ என்று தலைப்பு என்பதே பிறகுதான் தெரிந்தது.

நூம்பலில் எங்கள் குடியிருப்பில் மூன்று பிளாக், தண்ணீர் நிரப்ப நிலத்தடியில் மூன்று சம்ப். தண்ணீர் லாரி நுழைந்தால் யாருக்கு முதலில் என்று சண்டை. சங்கச் செயலாளர் என் மனைவி. எந்த பிளாக்கில் எத்தனை பேர், யார் வீட்டில் விசேஷம் என்றெல்லாம் பார்த்து ஒரு முறையை அவள்தான் யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் சொந்த லேப்டாப்பில் நான் அதை ஆப் ஆக்கினேன். சண்டை நின்றது. “இப்பத்தான் அண்ணாத்தே நிம்மதியா வந்துகினு கீறேன்” என்றார் லாரி டிரைவர்.

அதோடு விட்டிருக்கலாம். வருட மதிப்பீட்டுக்கான அப்ரைசல் படிவத்தில் ‘வேலைக்கு அப்பால் எடுத்த முன்முயற்சி’ என்றொரு கட்டம் வந்து தொலைத்தது. காலியாக விட்டால் மேலாளர் முகம் சுளிப்பார். தண்ணீர் ஆப்பை எழுதினேன். ‘முழுக்க என் சிந்தனை, என் உருவாக்கம்’ என்று கூச்சமே இல்லாமல் சேர்த்தேன்.

பத்தே நாளில் மனிதவளத் துறைப் பெண் கூப்பிட்டார்.

“கங்கிராட்ஸ் சார். வேலைல இருக்கும்போது நீங்க உருவாக்குறது எல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். லீவு நாள்ல வீட்ல பண்ணினாலும்தான். ஆப்போட சோர்ஸ் கோட் எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டு ஆப்பை நிறுத்திடுங்க.”

“தண்ணி லாரிக்கும் கம்பெனிக்கும் என்ன மேடம் சம்பந்தம்?”

“ஒன்பதாவது பத்தி சார். கையெழுத்து போட்டிருக்கீங்க.”

“யோசிச்சது என் மனைவி மேடம்!”

“அதை இப்பதான் சொல்றீங்க. படிவத்துல நீங்க மட்டும்தானே இருக்கீங்க?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து கம்பெனியை, வக்கீல்களை, அந்தப் பத்தியை எழுதியவனை, ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்தேன். மனிதவளத் துறை கையில் கொடுத்தனுப்பிய கடிதத்தை மனைவி வாங்கிப் படித்தாள். பின்னால் என் அப்ரைசல் பக்கத்தையும் இணைத்திருந்தார்கள். அதையும் படித்தாள், இரண்டு தடவை.

“இதை டைப் பண்ணும்போது நான் பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தேன்?” என்றாள்.

ஆமாம், பக்கத்தில்தான் இருந்தாள். அடுத்த வாரத்துக்கு எந்த பிளாக் முதலில் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.