அப்பாவுக்கு எழுதிய பதில்கள்

எழுதும் ஆசை எப்போது வந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதினேன், கைதட்டல் கிடைத்தது, அன்றே முடிவு செய்துவிட்டேன் என்பேன். அந்த வருடம் எங்கள் பள்ளியில் ஆண்டு விழாவே நடக்கவில்லை. ஆனாலும் கேட்பவர்களுக்கு அது போதும். எனக்கும் மேற்கொண்டு பேச வேண்டியிருக்காது. ஒரே காட்சியைப் பதினோராவது முறையாகத் திருத்திக்கொண்டிருக்கும் பிற்பகலில், பக்கத்தில் டீ ஆறிக் கிடக்கும்போது, உண்மையைச் சொல்ல உடம்பில் தெம்பு இருப்பதில்லை. உண்மை கொஞ்சம் நீளம். எங்கள் அம்மாவுக்குப் போனில் பேச வராது என்பதில் அது தொடங்குகிறது.

அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை செய்தார். கட்டடத்துக்குத் தளம் போடுவதற்கு முன் பலகை அடித்து, கீழே முட்டுக் கொடுத்து நிறுத்துகிற வேலை. தர்மபுரி பக்கம் இண்டூரிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த எங்கள் ஊரில் பாதி வீடுகளின் அப்பாக்கள் பெங்களூரில்தான் இருந்தார்கள். அப்பா மாதம் ஒருமுறை வருவார். மற்றபடி ஞாயிறு சாயங்காலம் போன். அதற்கென்றே பட்டன் போன் ஒன்று வாங்கி வைத்திருந்தார்.

போன் அடித்தால் அம்மா புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவாள். எடுத்துக் காதில் வைத்தவுடன் அவளுக்கு எல்லாம் மறந்துவிடும். "ம்" என்பாள். "ம், பேஞ்சுது" என்பாள். "ம், சாப்டுதுங்க" என்பாள். அப்பா வைத்துவிடுவார். வைத்த பிறகுதான் அம்மாவுக்குச் சொல்ல வந்தவை எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வரும். கொட்டகைக் கூரை சரிந்துகொண்டிருந்தது, தனக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் இருந்தது, பள்ளியில் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். பகலெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் சாமந்தி பறித்த களைப்போடு சுவரில் சாய்ந்து, "அடுத்த வாரம் சொல்லிக்கலாம்" என்பாள். அடுத்த வாரமும் "ம்" தான்.

எனக்குப் பத்து வயது. என் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், அம்மா சொல்ல வேண்டியவற்றைப் பெரிய எழுத்தில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். அம்மா மூன்றாம் வகுப்புவரை படித்தவள், விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, நோட்டைக் கையில் பிடித்து அம்மா தொடங்கினாள். முதல் வரி நன்றாகவே போனது. இடையில் அப்பா, "போர்ல தண்ணி வருதா?" என்று கேட்டதும் விரல் நழுவி, எங்கே விட்டோம் என்று தெரியாமல், மறுபடி "ம்" என்றாள்.

தப்பு எங்கே என்று அன்று ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். அம்மா பேசுவதை மட்டும் எழுதிப் பயனில்லை. அப்பா என்ன சொல்வார் என்பதையும் எழுத வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடது பக்கம் அம்மா, வலது பக்கம் அப்பா என்று பிரித்து எழுதினேன். அடைப்புக்குறிக்குள், (இங்கே கொஞ்சம் நிறுத்தவும்), (இங்கே இருமவும்) என்றெல்லாம் குறிப்புகள். காய்ச்சல் இருந்தது என்பதற்கு ஒரு ஆதாரம் வேண்டாமா? அம்மா ஒழுங்காக இருமினாள். அப்பாதான் சரியாக நடந்துகொள்ளவில்லை. "அய்யய்யோ, ஆஸ்பத்திரிக்குப் போனியா?" என்று நான் எழுதியிருந்த இடத்தில் அவர், "பாப்பா சாப்டுதா?" என்று என்னைப் பற்றிக் கேட்டார். அம்மா விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு, எப்போது சொல்வார் என்று காத்திருந்தாள். எனக்கு அப்பா மேல் கோபமாக வந்தது.

பிறகு கோபம் போய், கவனிக்க ஆரம்பித்தேன். அப்பா முதலில் மழையைக் கேட்பார். அப்புறம் போர்க் கிணற்றுத் தண்ணீர். அப்புறம் நான். அம்மா எப்படி இருக்கிறாள் என்று நேராகக் கேட்கவே மாட்டார். "பூவுக்குப் போறியா?" என்பார், அதுதான் அந்தக் கேள்வி. எதற்கும் சரி என்று சொல்ல மாட்டார். சம்மதம் இருந்தால், "என்னமோ பண்ணுங்க" என்பார். சம்மதம் இல்லையென்றால், "வந்து பாக்கறன்" என்பார். நான்காவது வாரம் அவர் பேசியதில் பாதி நான் எழுதியதாக இருந்தது. மூலையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தபடி, வாயை மூடிச் சிரித்தேன். பெங்களூரில் ஒரு மனிதர் வாயைத் திறப்பதற்கு முன்பே அவருடைய வார்த்தை என் கையெழுத்தில் இங்கே இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு ஈடாக அதற்கு முன் எனக்கு எதுவும் கிடைத்திருக்கவில்லை. அதற்குப் பின்னும் அதிகம் கிடைத்துவிடவில்லை.

அந்த வருடம் அக்கா பத்தாவது முடித்திருந்தாள். நல்ல மார்க். தர்மபுரியில் பெண்கள் பள்ளியில் பதினொன்றாவது சேர வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, வேறு விதமாக நினைத்திருந்தாள். அவளுடைய மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். இப்போதே பூ வைத்து நிச்சயம் செய்துவிடலாம், கல்யாணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை பெண் எதற்கு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது அவள் கட்சி. அப்பா அத்தை பேச்சைத் தட்டியதே இல்லை. அவரைத் தூக்கி வளர்த்தவள் அவள்.

போனில் அக்காவின் படிப்பைப் பற்றி எடுத்தபோது அப்பா, "வந்து பாக்கறன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

மறுநாள் பூத்தோட்டத்தில் அம்மா என்னிடம் சொன்னாள். "பாப்பா, அக்கா படிப்புக்கு ஒண்ணு எழுது. அப்பா ஒத்துக்கற மாதிரி எழுது."

"அப்பா அப்பிடிச் சொல்ல மாட்டாரும்மா."

"சொல்றாரோ இல்லியோ, நீ எழுது."

மூன்று நாள் எழுதினேன். முதலில் எழுதியதில் அம்மா அழுதாள். படித்துக் காட்டியபோது, "நான் அழுவற ஆளா? அத எடுத்துடு" என்றாள். எடுத்தேன். இரண்டாவதில் அப்பா நீளமாகப் பேசினார், பெண்கல்வியின் அவசியம் பற்றிப் பாடப் புத்தகத்திலிருந்து நான்கு வரி. அதைப் படித்தபோது எனக்கே அது அப்பா இல்லை என்று தெரிந்துவிட்டது. மூன்றாவதில் அப்பாவைக் குறைத்தேன். அவர் மழையைக் கேட்டார், தண்ணீரைக் கேட்டார், என்னைப் பற்றிக் கேட்டார், "அக்கா என்னா சொல்லுது?" என்றார், கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், பிறகு "என்னமோ பண்ணுங்க" என்றார். அம்மா அதைத் தோட்டத்தில் என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, உதடு அசைய, மனப்பாடம் செய்தாள்.

ஞாயிறு வருவதற்கு முன்பே, சனிக்கிழமை காலை, அத்தையும் மாமாவும் வந்துவிட்டார்கள். தட்டில் பழமும் பூவும் இருந்தன. திங்கட்கிழமை பள்ளியில் சேரக் கடைசி நாள். அக்கா உள்ளே போய்க் கதவோரம் நின்றுகொண்டாள்.

"நல்ல நாளு பாத்தாச்சு, வர்ற புதங்கெழம" என்றாள் அத்தை. "தம்பிகிட்ட போன வாட்டி வந்தப்பவே பேசிட்டன். அவனுக்குச் சம்மதந்தான்."

அம்மா அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "எங்கிட்ட அப்பிடிச் சொல்லலீங்களே அண்ணி" என்றாள். "இருங்க, ஒரு வார்த்த கேட்டுர்றன்."

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வேப்ப மரத்தடியில், நாங்கள் எல்லோரும் பார்க்கிற மாதிரி நின்று, பட்டன்களை அழுத்திக் காதில் வைத்தாள். ஸ்பீக்கரில் போடவில்லை. கையில் நோட்டும் இல்லை.

"ஏங்க, நாந்தான். வேலைல இருக்கறீங்களா?" என்றாள். நிறுத்தினாள். "இல்லீங்க, இன்னும் பேயல." நிறுத்தினாள். "போர்ல அரமணி நேரம் வருது."

அப்பா நான் எழுதிய வரிசையிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். மழை, தண்ணீர், அடுத்து நான். "பாப்பா சாப்டுச்சு, இங்கதான் நிக்குது" என்று அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவின் மார்க்கைச் சொன்னாள். பக்கத்துத் தெருவிலிருந்து நான்கு பெண்கள் அதே பஸ்ஸில் போவதைச் சொன்னாள். படிப்பு முடியட்டும், அதுவரை அண்ணியும் பொறுத்துக்கொள்வார்கள் என்றாள். ஒரு வார்த்தை மாறவில்லை. அப்புறம் நீண்ட நிறுத்தம். நான் எழுதியிருந்ததைவிட நீளம். அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"சரீங்க" என்றாள் அம்மா. "சரீங்க, வெச்சர்றன்."

"எங்கிட்ட குடு, நான் பேசறன்" என்று அத்தை கையை நீட்டினாள்.

"மேஸ்திரி கூப்படறாராம், வெச்சுட்டாருங்க அண்ணி."

"என்னா சொன்னான்?"

"என்னமோ பண்ணுங்கன்னுட்டாரு."

அத்தை நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அவளுக்கும் தம்பியைத் தெரியும். அது அவன் வாயிலிருந்துதான் வந்திருக்க முடியும் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது. உடனே கூப்பிட்டுக் கேட்கலாமென்றால், மாமாவின் போன் அன்றைக்கு மகனிடம் இருந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு இருவரும் அடுத்த பஸ்ஸுக்குப் போனார்கள். நான் கதவோரம் ஓடி அக்காவைக் கட்டிக்கொண்டு, "அப்பா அப்பிடியே சொல்லிட்டாரு, நான் எழுதுனத அப்பிடியே!" என்று கத்தினேன். ஒரு எழுத்தாளருக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கக்கூடிய வெற்றி எனக்குப் பத்து வயதில் கிடைத்துவிட்டதாக நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் போன் வரவில்லை. திங்கட்கிழமை அம்மா அக்காவைக் கூட்டிப் போய்ப் பள்ளியில் சேர்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், மாதம் முடிவதற்கு முன்பே, அப்பா வந்தார். அத்தை ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருந்தாள் போலிருக்கிறது, அவர் வந்த கொஞ்ச நேரத்தில் அவளும் வந்துவிட்டாள். வாசலிலேயே நின்று, "ஏன்டா தம்பி, படிக்கட்டும்னு நீதான் போன்ல சொன்னியாமே?" என்றாள்.

அப்பா சொம்பில் இருந்த தண்ணீரை முழுதும் குடித்து முடித்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. விரல் இடுக்குகளில் சிமெண்டு வெளுத்திருந்தது. அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்காமல் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா, நாந்தான் சொன்னன்" என்றார். "இப்ப என்னாங்கற?"

அத்தை சாப்பிடாமல் போனாள். அதற்குப் பிறகு பல வருடங்கள் எங்கள் வீட்டில் அவள் சாப்பிடவே இல்லை.

போன வருடம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். அக்கா இப்போது தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுடைய டூட்டி நேரம் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தோம். நடுவில் நான், அன்றைக்கு அப்பாவை எப்படி ஒத்துக்கொள்ள வைத்தாய் என்று கேட்டேன். கதைக்கு உதவும் என்றுதான் கேட்டேன், வேறு நினைப்பில்லை.

"எங்க ஒத்துக்க வெச்சன்?" என்றாள் அம்மா. "அன்னிக்கு போன்ல சார்ஜே இல்ல. ரெண்டு நாளா கரண்ட் எங்க இருந்துச்சு?"

அவள் காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானும் ஒரு காயை எடுத்துக் கிள்ளினேன். பிறகு, "அப்பறம் அப்பா ஏன் ஆமான்னாரு?" என்றேன்.

"நானும் கேக்கல. அவரும் சொல்லல."

அப்பா வெளியில்தான் இருந்தார். மூட்டு தேய்ந்து வேலையை விட்டு ஆறு வருடமாகிறது. போய்க் கேட்டிருக்கலாம். அவர் என்ன சொல்வார் என்று எழுதிப் பார்த்தேன், இன்றுவரை வரவில்லை.

அப்பா வந்த அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஞாயிறு காலையே பெங்களூர் பஸ் ஏறிவிட்டார். அதன் பின் வாராவாரம் போன் செய்தார், ஆனால் அம்மாவை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுப் பேசினார். "சாப்டியா? அக்கா பள்ளிக்கூடம் போவுதா? அம்மாகிட்ட சொல்லு, அடுத்த வாரம் பணம் அனுப்பறன்." அவ்வளவுதான். நான் அதை அடுப்படியில் இருந்த அம்மாவிடம் சொல்வேன். அம்மா, "சரின்னு சொல்லு" என்பாள். நான் போனில், "சரியாம்ப்பா" என்பேன். நோட்டில் வரி கேட்டு அம்மா என்னிடம் வருவதில்லை. நானாகவே எழுதி வைத்தேன். தீபாவளிவரை அப்படித்தான் போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனை வைத்துவிட்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவள் விளக்கடியில் உயிரியல் படம் வரைந்துகொண்டிருந்தாள். வலது பக்கம் அப்பாவுக்கு எழுதியிருந்த மூன்று வரிகளையும் விரல் வைத்துக் காட்டி, "பாத்தியாக்கா, இப்பல்லாம் நான் எழுதறதத் தாண்டி அப்பா ஒரு வார்த்தகூடப் பேசறதில்ல" என்றேன்.

அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.