திட்டுவதற்கு ஒரு ஆள்

மலைமேல் ஒண்டிக்கடையில் இருக்கும் லாட்ஜின் மேனேஜர் எதற்கும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். லாட்ஜ் கணினியில் இலவச லினக்ஸ் மென்பொருளைப் போட்டு, இணையத் திருடர்கள் நுழையும் வழிகளையெல்லாம் ஒரு வாரம் மெனக்கெட்டு அடைத்திருந்தேன். அதைத் தூக்கிவிட்டு இணைய இணைப்பைக் காவல் காக்கும் ஒரு கம்பெனியின் பாதுகாப்புப் பெட்டியை வாங்கி மாட்டினார்.

"என் வேலையில என்னங்க குறை?"

துடைத்தார். "குறையெல்லாம் இல்லீங்க. நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உங்களைத் திட்ட முடியுங்களா? நொம்பப் பழகிட்டோம். கம்பெனிக்காரன்னா போன்லயே கிழிச்சுப்போடலாமுங்க."

சீசன் நேரத்தில் அந்தப் பெட்டி இணையத்தில் வரும் முன்பதிவுகளையே உள்ளே விடாமல் மறித்தது. கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுதான் கேட்டது. உடனே என்னை அழைத்து அரைமணி நேரம் திட்டித் தீர்த்தார்.

"இப்பத்தானுங்க மனசு ஆறுச்சு" என்று போனை வைத்துவிட்டார். பெட்டியைக் கழற்றச் சொல்லவே இல்லை.