சேகர் அண்ணனுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது

இவ்வளவு நேரம் கழித்துப் பதிவு போடுவதற்கு மன்னிக்க வேண்டும். சேகர் அண்ணன் இறந்துவிட்டார்.

பாசிர் கூடாங்கில், செக்யூரிட்டி வேலையில் இருக்கும்போதே நெஞ்சுவலி. மதியமே செய்தி வந்தது... மகனுக்குக் காய்ச்சல், அவனைத் தூங்க வைத்துவிட்டு இப்போதுதான் உட்கார்கிறேன்.

தெரியாதவர்களுக்கு: நான் முன்பு ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் ஆபீஸ் வேலை பார்த்தேன். அண்ணன் அங்கே ஆர்மரர். துப்பாக்கிகளைப் பழுது பார்ப்பது, பூட்டி வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

காலையில் குட் மார்னிங் சொல்லும் ஆள் இல்லை. "ஏர்கோன போட்டுட்டு ஜன்னல தொறந்து வச்சிருக்கியேமா, ரோட்டுல போறவனுக்கு வேர்க்குதா?" என்று ஆரம்பிப்பார்.

கிளப்பின் பழைய வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் அஞ்சலி எழுதுகிறார்கள். அதில் ஒருவர், "நல்ல மனுசன் லா... பாவம், கடைசியில கண்ணுதான் கைவிட்டுருச்சு" என்று போட்டிருக்கிறார். நாளை அவர் வீட்டு வாசலில் நின்றும் இதையேதான் பேசப்போகிறார்கள்.

அது பொய். நான் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கிளப்பில் பத்து பழைய ராணுவத் துப்பாக்கிகள் இருந்தன. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளும் ரகம். வருடத்தில் ஒரு நாள், ஓய்வுபெற்ற ராணுவத்தினர் வந்து அவற்றில் சுடுவார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு மெகசின், அதாவது தோட்டாக்கள் அடுக்கும் இரும்புப் பெட்டி. பார்க்கப் பத்தும் ஒன்றுதான். ஆனால் அதன் வாய் விளிம்பு அந்தந்தத் துப்பாக்கிக்கு ஏற்றபடி வளைத்தது. மாற்றிப் போட்டால் தோட்டா ஒழுங்காக ஏறாது.

அதனால் அண்ணன் ஒவ்வொரு மெகசினின் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டில் அதனதன் துப்பாக்கி நம்பரை எழுதி வைத்திருந்தார்.

நான் வேலை பார்த்த வருடம், அந்த நாளுக்கு முந்தின நாள் அவர் பெர்மிட் விஷயமாகப் போலீஸ் நிலையம் போக வேண்டியிருந்தது. துப்பாக்கிகளைப் பூட்டிவிட்டு, மெகசின்களை மட்டும் என் மேசையில் வைத்தார். "துணியால தொடச்சி வை, போதும்" என்றார்.

கிரீஸ் பிசுபிசுவென்று இருந்தது. ஃபோட்டோ எடுப்பார்களே என்று பத்தையும் ஒரே பேசினில் போட்டு, பெயிண்ட் கரைக்கும் தின்னரில் கழுவினேன்...

நம்பர் எல்லாம் போய்விட்டது. எல்லாம் ஒன்றுதானே என்று கைக்கு வந்தபடி தட்டில் அடுக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் அவசரம். தட்டில் வரிசை சரியாக இருக்கும் என்று நம்பி அண்ணன் மாட்டிவிட்டார்.

முதல் துப்பாக்கியிலேயே இரண்டாவது தோட்டா ஏறவில்லை. மூக்கு கீழே குத்தி நின்றுவிட்டது.

"யாரும் திருப்பாதீங்க, குழல் முன்னாலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தோட்டாக்களை எடுத்தார். இந்தத் தோட்டாவின் அடியில் புடைத்த விளிம்பு உண்டு. மேலே இருப்பதன் விளிம்பு கீழே இருப்பதற்கு முன்னால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றை ஒன்று மாட்டிக்கொள்ளும். முதலில் அதைத்தான் சந்தேகப்பட்டார்.

ஒவ்வொன்றாக அவரே போட்டுப் பார்த்தார். மறுபடியும் நின்றது. ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்தார்... சரியாக இருந்தது.

இரண்டாவது துப்பாக்கி. நான்காவது. ஏழாவது.

"நாங்க சுட்ட காலத்துல இது ஒருநாளும் நின்னதில்ல தம்பி" என்றார் ஒரு பெரியவர். "அப்ப நீங்க குறி பாத்தீங்க அங்கிள், இப்ப கேமராவ பாக்குறீங்க" என்றார் அண்ணன். சட்டை முழுக்க வேர்த்திருந்தது.

பிறகு ஒரு மெகசினைக் கழற்றித் திருப்பினார். வெறும் முதுகு. கட்டை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

அப்போது மகன் வயிற்றில், ஆறு மாதம். வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

"நம்பர் இல்லாதது கூடவா ஒங்க கண்ணுக்குத் தெரியல?" என்று கிளப் தலைவர் எல்லார் முன்னாலும் அண்ணனைப் பார்த்துக் கத்தினார்.

"தெரியல சார்... நான் பாத்துருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். வந்தவர்கள் சுடாமலே திரும்பிப் போனார்கள்.

அடுத்த மூன்று நாளும் வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டாவை வைத்து, ஒவ்வொரு மெகசினையும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் போட்டுப் பார்த்தார். பத்துக்கும் ஜோடி கண்டுபிடித்தார். கண் தெரியாதவர் செய்கிற வேலையா அது?

ஆனால் அதற்குள் கமிட்டி முடிவெடுத்திருந்தது. வயதாகிவிட்டது, பார்வை சரியில்லை என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள். அதன்பிறகுதான் வீடு இருந்த ரெங்கமிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் அவ்வளவு தூரம் பாசிர் கூடாங் வரை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட்.

போன வருடம் குளுவாங்கில் ஒரு கடையில் அண்ணனைப் பார்த்தேன். மகன் கையில் பால் போத்தல். நர்சரிக்காக அதில் அவன் பெயரை எழுதியிருந்தேன். அண்ணன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதையும் தின்னர் போட்டுக் கழுவிடாதமா" என்றார்.

தின்னர் என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை...

"அண்ணே" என்று ஆரம்பித்தேன். மகன் அழுதான். "போமா, பிள்ளைக்குப் பசி" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். காரில் உட்கார்ந்து நானும் அழுதேன். மறுநாள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

"இப்ப எழுதி என்னா ஆவப்போவுது, காலையில பாத்துக்கலாம் லா" என்கிறார் என் கணவர். காலையில் எனக்குத் தைரியம் இருக்காது.

மன்னித்துவிடுங்கள் அண்ணே. போய் வாருங்கள்.

நாளை பதினோரு மணிக்கு எடுக்கிறார்களாம். அதற்குள் அண்ணனின் மனைவியிடமும் மகளிடமும் இதை நேரில் சொல்ல வேண்டும். ரெங்கமில் வீடு மாறிவிட்டார்கள், புது வீடு எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.